நியமம் காத்த மலை

(அறக்கட்டளையின் மகாவீர் ஜயந்தி விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)



'இயற்கையோடு இயைந்த வாழ்வு' என்னும் பொருளில் உரையாற்றுமாறு விழாக்குழுவினர் என்னைப் பணித்தனர். சமணர் அவையில் இப்பொருள் பற்றிப் பேசுவது எளிது. மண்ணையும் நீரையும் உயிராகக் கண்ட சமயம் நம்முடையது என்று தொடங்கி, நம் முன்னோரைப் புகழ்ந்து, கைதட்டல் பெற்று அமர்ந்துவிடலாம். 34 ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றிய எனக்கு அவ்வாறு பேசுவது பழகிய ஒன்றே. ஆயினும் இன்று நம் பெருமையிலிருந்து தொடங்க எனக்கு மனமில்லை. நம்மிலிருந்து தொலைவில் வாழும் ஒரு மலைக்குடியின் வரலாற்றைச் சொல்லி, அதன் பின்னர் நம்மிடம் திரும்பி வருகிறேன். அம்மலையை நான் நேரில் கண்டவன் அல்லன். நூல்களின் வழியும் நாளிதழ்களின் வழியும் அறிந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒடிசா மாநிலத்தின் தென்மேற்கில், ராயகடா, காளஹாண்டி ஆகிய இரு மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது நியமகிரி என்னும் மலைத்தொடர். அது கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. அங்கே வாழும் பழங்குடியினர் டோங்ரியா கோந்தர் எனப்படுவர். எண்ணிக்கையில் சில ஆயிரவரே. மலைச்சரிவுகளில் கேழ்வரகு, தினை, சாமை, துவரை முதலியவற்றைக் கலந்து விதைப்பார்கள். பலா, ஆரஞ்சு, அன்னாசி, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றை விளைவித்துச் சந்தைக்குக் கொண்டு வருவார்கள். அவர்கள் பேசும் குவி மொழி திராவிட மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. 1856ஆம் ஆண்டு வெளிவந்த ஒப்பிலக்கண நூலிலேயே கால்டுவெல் கோந்தர் மொழியைத் திராவிட மொழிகளுள் ஒன்றாக எண்ணியிருக்கிறார். ஆகவே அவர்கள் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். மொழிவழியில் தூரத்து உறவினர்.

அவர்கள் வழிபடும் தெய்வத்தின் பெயர் நியமராஜா. நியமங்களை வகுத்தளித்த அரசன் என்பது பொருள். மலைக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். நியமம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் உங்களுள் பலர் நிமிர்ந்து அமர்வதைக் காண்கிறேன். அது நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் சொல்லாயிற்றே! வடமொழியிலிருந்து அவர்களிடம் சென்ற அதே சொல் நம்மிடமும் வந்து தங்கியிருக்கிறது. நமக்கு நியமம் என்பது நாமே ஏற்றுக்கொள்ளும் கட்டுப்பாடு. ஆசார்ய சமந்தபத்திரர் ரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், கால அளவு குறித்து ஏற்கும் விரதத்தை நியமம் என்றும், வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பதை யமம் என்றும் பிரித்துக் காட்டுகிறார். அவர்களுக்கு நியமம் என்பது மலை விதித்த கட்டுப்பாடு.

அம்மலை விதித்த நியமங்களுள் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். சரிவுகளில் உழலாம், விதைக்கலாம், கனி பறிக்கலாம். மலையின் உச்சியில் மரம் வெட்டலாகாது. உச்சி நியமராஜாவுக்கு உரியது. இதைக் காக்க அங்கே வேலியும் இல்லை, காவலாளியும் இல்லை. தலைமுறை தலைமுறையாக அந்த எல்லையை மக்களே காத்து வந்திருக்கிறார்கள்.

இதில் அடங்கியுள்ள அறிவை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த மலைகளின் உச்சியில் பாக்சைட்டுப் படிவம் போர்வைபோல் அமைந்திருக்கிறது. அது நுண்துளைகள் நிறைந்தது. மழைக்காலத்தில் பெய்யும் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகக் கசியவிடும். அக்கசிவே ஓடைகளாகி, சரிவில் உள்ள வயல்களை நனைத்து, கீழே சமவெளிக்கு இறங்குகிறது. காளஹாண்டி என்றவுடன் வறட்சியும் பசியும் நினைவுக்கு வரும் அளவுக்கு அம்மாவட்டம் ஒரு காலத்தில் செய்திகளில் அடிபட்டது. அதே நிலப்பகுதியில் நியமகிரியின் ஓடைகள் கோடையிலும் வற்றாமல் ஓடுகின்றன. டோங்ரியா கோந்தர் தம்மை 'ஜர்னியா' என்றும் அழைத்துக்கொள்வர். ஓடைகளைக் காப்பவர் என்பது அதன் பொருள். உச்சியைத் தொடாதே என்ற நியமத்துக்கும் அடிவாரத்து ஓடைக்கும் உள்ள தொடர்பைப் பள்ளிக்கூடம் செல்லாத அம்மக்களின் வழக்கம் காத்து வைத்திருந்தது.

அந்தப் பாக்சைட்டே அவர்களுக்குச் சோதனையாகவும் வந்தது. அலுமினியம் செய்வதற்கு மூலப்பொருள் அது. மலையடிவாரத்தில் லாஞ்சிகர் என்னுமிடத்தில் ஆலை எழுந்தது. மலையுச்சியில் சுரங்கம் வெட்டத் திட்டமிடப்பட்டது. வேலைவாய்ப்பு, சாலை, பள்ளி, மருத்துவமனை என்று பல உறுதிமொழிகள் தரப்பட்டன. மக்கள் மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நியமராஜா உறையும் சிகரம் சுரங்கத்துக்குத் தெரிவு செய்த இடத்திலிருந்து தள்ளியே இருக்கிறது, ஆதலால் வழிபாட்டுக்கு இடையூறு நேராது என்ற வாதமும் அங்கே வைக்கப்பட்டது.

2013ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி, இச்சுரங்கம் அம்மக்களின் வழிபாட்டு உரிமையையும் பிற உரிமைகளையும் பாதிக்குமா என்பதை அங்குள்ள கிராம சபைகளே ஆராய்ந்து தம் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பு. மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள ஒருவர் பார்வையாளராக இருக்க வேண்டும் என்றும் பணித்தது. அவ்வாண்டு சூலை, ஆகஸ்ட் மாதங்களில் 12 சிற்றூர்களில் கிராம சபைகள் கூடின. மழைக்காலத்தில், மலைப்பாதையில், மக்கள் நடந்து வந்து அமர்ந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசினார்கள். எங்கள் தெய்வம் ஒரு கல்லிலோ ஒரு சிகரத்திலோ அடங்கியவர் அல்லர். இம்மலை முழுவதும், இதன் ஒவ்வோர் ஓடையும் அவருடையதே என்பதே அவர்கள் சொன்னவற்றின் சாரம். 12 சபைகளும் சுரங்கத்தை மறுத்துத் தீர்மானம் நிறைவேற்றின. ஒரு சபைகூட மாறுபடவில்லை. 2014 சனவரியில் நடுவண் அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் அத்திட்டத்துக்கு ஒப்புதல் மறுத்தது. மீண்டும் கிராம சபைகளைக் கூட்ட வேண்டும் என்ற மாநில அரசுத் தரப்பின் முயற்சியையும் 2016 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

இந்தச் செய்தியை நான் பள்ளியின் ஆசிரியர் ஓய்வறையில் நாளிதழில் படித்தேன். படித்து முடித்ததும் பெருமிதம் கொள்வதற்கு மாறாக எனக்கு நாணமே தோன்றியது. காரணத்தைச் சற்றுப் பின்னர்க் கூறுகிறேன்.

அதற்கு முன் ஓர் ஐயத்தைத் தீர்த்தாக வேண்டும். இந்த அவையில் எவரேனும் கேட்கலாம்: 'ஐயா, அம்மக்களின் வழிபாட்டில் உயிர்ப்பலி உண்டே! கொல்லாமையை உயிராகக் கொண்ட நாம் அவர்களிடம் எதைக் கற்பது?' கேள்வி நேர்மையானது. ஆம், பலி உண்டு. மண்மகளுக்கு எருமையைப் பலியிடும் வழக்கம் அவர்களிடம் உண்டு. காட்டை எரித்து விதைக்கும் முறையும் உண்டு. இவற்றை நான் மறைக்கவில்லை; ஏற்கவும் இல்லை. ஆனால் ஒரு பொருளை ஒரு கோணத்தில் மட்டும் நோக்கி முடிவு செய்யாதே என்று நமக்குக் கற்பித்தது அநேகாந்தம் அன்றோ? ஒருவரிடம் நாம் ஏற்கவியலாத ஒன்று இருப்பதனால், அவரிடமிருந்து கற்க வேண்டிய மற்றொன்று இல்லாமற் போய்விடாது. எருமையின் உயிரை அவர்கள் உணர்ந்த விதத்தில் நாம் அவர்களோடு மாறுபடுகிறோம். மலையின் உயிரை அவர்கள் உணர்ந்த விதத்தில் நாம் அவர்களுக்குப் பின்னே நிற்கிறோம்.

ஏன் பின்னே என்கிறேன்? நம் நூல்களில் இல்லாததா? தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுத்தார். புல்லும் மரமும் ஓரறிவுயிர் என்றார். வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் மாணவர்க்கு ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்வேன். நம் ஆகமம் இதற்கும் ஒரு படி மேலே செல்கிறது. மண்ணை உடலாகக் கொண்ட உயிர், நீரை உடலாகக் கொண்ட உயிர், தீயை, காற்றை உடலாகக் கொண்ட உயிர், தாவர உயிர் என ஓரறிவுயிர்களை ஐந்தாக வகுக்கிறது. மலையும் ஓடையும் உயிரற்ற சடம் என்று எண்ணும் இன்றைய மனிதனுக்கு எதிரே, டோங்ரியா கோந்தரும் நாமும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியவர்கள். கருத்தளவில் அப்படித்தான் நிற்கிறோம். வழக்கத்தில் நிற்கிறோமா?

என் பாட்டி வாழ்ந்த காலத்து வழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. வந்தவாசிப் பக்கத்தில் எங்கள் சிற்றூர். வீட்டுக்குப் பின்னே ஒரு கிணறு. விடியற்காலையில் பாட்டி நீர் சேந்தி, இரட்டையாக மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டிக் குடத்தில் நிரப்புவார். இது உங்கள் வீடுகளிலும் நிகழ்ந்ததுதான். ஆனால் அதற்குப் பின் செய்வதைப் பலர் இன்று மறந்துவிட்டோம். வடிகட்டிய துணியை அப்படியே உதறிக் காயப்போட மாட்டார். வடிகட்டிய நீரைச் சிறிது ஊற்றித் துணியை அலசி, அந்நீரைச் சிறு பாத்திரத்தில் ஏந்தி, மெல்லக் கிணற்றுக்குள் இறக்கி, நீர்மட்டத்தைத் தொட்டபின் கவிழ்ப்பார். மேலிருந்து கொட்டினால் அவ்வுயிர்கள் அடிபடும் என்பார். வேறு கிணற்றில் விடலாகாது; எந்த நீரில் பிறந்தவையோ அந்த நீருக்கே அவை திரும்ப வேண்டும் என்பார்.

சிறுவனாக இருந்தபோது இதைச் சமயச் சடங்கு என்று எண்ணியிருந்தேன். நியமகிரியைப் பற்றிப் படித்தபின்னர்தான் அதன் முழுப்பொருள் எனக்கு விளங்கியது. அந்த நியமத்தைக் கடைப்பிடிக்க வேண்டுமானால், நீர் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் அறிந்திருக்க வேண்டும். அந்த ஊற்றுக்கு நாள்தோறும் திரும்பிச் செல்ல வேண்டும். கிணறு வற்றினாலும் கலங்கினாலும் முதலில் அறிபவர் அவராகவே இருப்பார். இன்று நம் வீடுகளுக்கு நீர் லாரியில் வருகிறது, கேனில் வருகிறது, ஆழ்துளைக் குழாயில் வருகிறது. மிகத் தூய்மையாக வடிகட்டப்பட்டும் வருகிறது. எதைத் திருப்பித் தருவது, எங்கே திருப்பித் தருவது என்றுதான் நமக்குத் தெரியவில்லை. இயற்கையோடு அறுந்த தொடர்பு என்று பெரிய சொற்களால் பேசுகிறோமே, அது இங்கேதான் அறுந்தது என்று எண்ணுகிறேன்.

இப்போது என் நாணத்தின் காரணத்தைச் சொல்கிறேன். இந்த மேடையில் இதைச் சொல்ல வேண்டுமா என்று பலமுறை எண்ணினேன். சொல்லாமல் இவ்வுரையை முடித்தால் அது பொய்யாகிவிடும்.

என் தந்தையார் மறைந்தபின் ஊரில் இருந்த ஒன்றரை ஏக்கர் நஞ்சை நிலத்தை விற்றேன். மகளின் திருமணச் செலவு, நகரில் வீட்டுக்கடன், நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இங்கே அமர்ந்திருப்பவர்களுள் பலர் அறிந்த காரணங்களே. வாங்க வந்தவர் கூடுதலாக விலை சொன்னார். எதற்காக வாங்குகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று என் மனம் எனக்கே எச்சரித்ததும் உண்மை. ஈராண்டு கழித்துக் கோயில் திருவிழாவுக்குச் சென்றபோது, பழைய நினைவில் அந்தப் பக்கம் நடந்தேன். வயல் இல்லை. ஆளுயரப் பள்ளம் இருந்தது. மேல்மண் முழுவதும் செங்கல் சூளைக்குப் போய்விட்டது. என் தந்தையும் பாட்டனும் எருவிட்டு, தழையிட்டு, வண்டல் அடித்து வளர்த்த மண் அது. வரப்பு ஓரத்தில் நின்ற புங்கமரத்தின் வேர்கள் பள்ளத்தின் பக்கச்சுவரில் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன.

அன்று மாலை கோயிலில் வழக்கம்போல் வழிபாடு நடந்தது. அறிந்தும் அறியாமலும் உயிர்களுக்கு இழைத்த தீங்கைப் பொறுத்தருளுமாறு வேண்டும் இடம் வந்தது. மண்ணுயிர், நீருயிர் என்று வாய் சொல்லிக்கொண்டே வந்தது. அந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. 'அறியாமல்' என்னும் சொல்லை என்னால் சொல்ல இயலவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத மலைமக்கள், கையில் காசில்லாத நிலையிலும், உறுதிமொழிகளை மறுத்துத் தம் மலையைக் காத்தார்கள். தமிழ் முதுகலை படித்த நான், ஓரறிவுயிரைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்திய நான், ஒரு கேள்விகூடக் கேட்காமல் மண்ணை விற்றேன். நூலறிவில் நான் எவ்வகையிலும் குறைந்தவன் அல்லன். அவர்களிடம் இருந்த நியமம் என்னிடம் இல்லை.

இது மலைவாழ் மக்களுக்கு மட்டும் இயல்வது என்று நாம் தள்ளிவிடவும் முடியாது. நம் மண்ணிலேயே அண்மையில் ஒரு நிகழ்வு நடந்தது. மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகில் உள்ள அரிட்டாபட்டியை உங்களுள் பலர் அறிவீர்கள். யாத்திரையாகச் சென்றும் இருப்பீர்கள். நம் முனிவர்கள் தங்கித் தவமியற்றிய குகைத்தளமும், தமிழிக் கல்வெட்டும், அச்சணந்தி செய்வித்த தீர்த்தங்கரர் திருமேனியும் அங்கு உள்ளன. குன்றுகளும் சுனைகளும் குளங்களும் அரிய பறவைகளும் நிறைந்த அவ்விடம் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஈராண்டு கழிந்த அளவில், டங்ஸ்டன் கனிமம் எடுப்பதற்காக அப்பகுதியையும் உள்ளடக்கிய நிலப்பரப்பு ஏலம் விடப்பட்ட செய்தி வந்தது. சுற்றுவட்டார ஊர்மக்கள் திரண்டார்கள். கிராம சபைகளில் தீர்மானம் நிறைவேற்றினார்கள். 2024 திசம்பரில் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரியில் நடுவண் அரசு அந்த ஏலத்தை நீக்கியது.

நியமகிரியில் நடந்ததும் இங்கு நடந்ததும் ஒரே வழியில்தான் நடந்தன. தம் இடத்தை அறிந்த மக்கள், கூடி அமர்ந்து, வேண்டாம் என்று சொன்னார்கள். நம் முனிவர்களின் குகைத்தளத்தைக் காத்த அம்மக்கள் சமணர்கள் அல்லர். ஏர் உழுபவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், அக்குன்றின் நீரை நம்பி வாழ்பவர்கள். அவர்களுக்கு நாம் நன்றி சொன்னோமா? நம்முள் எத்தனை பேர் அன்று அவர்களோடு நின்றோம்? நான் நிற்கவில்லை. தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்புடையீர், பழங்குடியினரிடம் கற்க வேண்டும் என்று சொன்னால், அவர்களைப் போல் உடுத்துவதோ, விடுமுறைக்கு மலைக்குச் சென்று படம் எடுத்து வருவதோ ஆகாது. இயற்கையை நேசிக்கிறேன் என்று சொல்வதும் போதாது. நேசம் மனநிலைக்கு ஏற்ப மாறும். நியமம் மாறாது, அதற்கு எல்லை உண்டு, அதை மீறினால் நமக்கே தெரிந்துவிடும். 'உச்சியில் மரம் வெட்டாதே' என்பது எத்தனை சிறிய வாக்கியம்! அதைத் தலைமுறைதோறும் காத்ததால் ஒரு மலை நின்றது. நமக்கு இது புதிய பாடமும் அன்று. இருட்டியபின் உண்ணாமை முதலாக எத்தனையோ நியமங்களைக் காத்து வந்த கூட்டம் நாம். உணவில் காத்த உறுதியை மண்ணிலும் நீரிலும் காட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஆகவே மூன்று நியமங்களை உங்கள்முன் வைக்கிறேன். வாழ்நாள் முழுமைக்கும் ஏற்க வேண்டா. அடுத்த மகாவீர் ஜயந்தி வரை, ஓராண்டுக்கு மட்டும் ஏற்றுப் பாருங்கள்.

முதலாவது, உங்கள் வீட்டுக்கு வரும் நீர் எந்த ஏரியிலிருந்து, எந்த ஆற்றிலிருந்து, எந்த நிலத்தடியிலிருந்து வருகிறது என்பதைக் கேட்டறிந்து, குடும்பத்தோடு ஒருமுறையேனும் அவ்விடம் சென்று பாருங்கள். மழைநீரை உங்கள் வீட்டு நிலத்துக்குள் இறங்கச் செய்யுங்கள். பாட்டி கிணற்றுக்குத் திருப்பித் தந்ததற்கு ஈடாக நம்மால் இன்று இயல்வது அதுவே.

இரண்டாவது, பூர்விக நிலத்தை விற்க நேர்ந்தால், எதற்காக வாங்குகிறீர்கள் என்று வாய்திறந்து கேளுங்கள். மேல்மண்ணை அள்ளுபவர்க்கு விற்பதில்லை என்று உறுதி கொள்ளுங்கள். விலை சற்றுக் குறையலாம். அந்த இழப்பே நியமத்தின் விலை. இயன்றால் உழுபவர்க்கே கொடுங்கள்.

மூன்றாவது, ஊரில் வாக்குரிமை உள்ளவர்கள் கிராம சபைக்குச் செல்லுங்கள். சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் அது கூடுகிறது. நம் ஊர்களின் ஏரி, குன்று, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றைப் பற்றிய பேச்சு அங்கேதான் தொடங்க வேண்டும். நம் முன்னோர் தவமியற்றிய குன்றுகள் பொன்னூரிலும் திருமலையிலும் மட்டும் இல்லை. பெயர் தெரியாத எத்தனையோ ஊர்களில் உள்ளன.

நான் இவற்றை ஏற்றிருக்கிறேன். விற்ற நிலத்தை மீட்கும் வசதி எனக்கு இல்லை. அந்தப் பள்ளத்தில் இப்போது மழைநீர் தேங்குகிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் அதைக் குட்டை என்கிறார்கள். எங்கள் வீட்டுக் கிணறு மட்டும் இன்னும் எங்கள் குடும்பத்தின் பெயரில் இருக்கிறது. 20 ஆண்டுகளாகக் குப்பை நிரம்பிக் கிடந்த அதைச் சென்ற கோடையில் தூர்வாரச் செய்தேன். ஐப்பசி மழைக்குப் பின் நீர் ஊறியது. என் பேத்தியை அழைத்துச் சென்று, இரட்டையாக மடித்த வெள்ளைத் துணியில் ஒரு குடம் நீரை வடிகட்டினேன். துணியை அலசிய நீரை எப்படி இறக்க வேண்டும் என்று அவளுக்குக் காட்டினேன். எதற்குத் தாத்தா இப்படி என்று கேட்டாள். எங்கிருந்து எடுத்தோமோ அங்கேயே கொடுக்கிறோம் அம்மா என்றேன்.